காலையில் செல்ஃப் எடுக்காத கார்: புது பேட்டரி வாங்குவதற்கு முன்

எனக்கு வேலை பெங்களூரில், கார் தருமபுரியில். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குவேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கார் ஓடும். பென்னாகரத்தில் அத்தை வீடு, பாலக்கோட்டில் யாருக்காவது காதுகுத்து, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்று ஏதாவது இருக்கும். மீதி ஐந்து நாள் வேப்பமரத்தடியில் நிற்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்படி வாரக் கடைசிக்கு மட்டும் ஓடுகிற கார் தெருவுக்கு இரண்டு இருக்கும். பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். கார் அப்பா அம்மாவுக்குக் காவலாக நிற்கும்.

இந்தக் கார்களுக்கு வருகிற முதல் வியாதி ஒன்றேதான். சாவியைத் திருப்பினால் ‘டக்’. மறுபடி திருப்பினால் ‘டக் டக் டக்’. டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணையப் பார்க்கும். உடனே பக்கத்து வீட்டில் ஒருவர் எட்டிப் பார்த்துச் சொல்வார்: “பேட்டரி போச்சுங்க. மாத்திடுங்க.”

நானும் மாற்றினேன், ஒரே வருஷத்தில் இரண்டு தடவை. மார்ச்சில் மாற்றியது நியாயம்தான். அந்த பேட்டரிக்கு நான்கரை வயது. அக்டோபரில் மாற்றியது தண்டம். அந்தப் புது பேட்டரியும் இரண்டாவது வாரமே படுத்தபோதுதான், எங்கள் தெருமுனையில் வண்டி ஒயரிங் வேலை செய்கிற அண்ணனிடம் போனேன். அவர் காரைப் பார்க்க எழுந்துகூட வரவில்லை. “தம்பி, பேட்டரிய திட்டாதீங்க. குடிக்கறவன் எவன்னு பாருங்க. ஒரு மீட்டர் வாங்கிக்குங்க, நீங்களே புடிச்சிடலாம்” என்றார்.

அவரிடம் கேட்டுக்கொண்டதும், பிறகு நானே தப்பும் தவறுமாகச் செய்து கற்றதும்தான் கீழே இருப்பது. ஸ்பேனரே பிடித்துப் பழகாதவர்களை நினைத்து எழுதியிருக்கிறேன்.

தொட்டியா, மோட்டாரா, குழாயா?

மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் என்ன பார்ப்போம்? தொட்டியே விரிசல் விட்டிருக்கும். இல்லை, மோட்டார் சரியாக ஏற்றவில்லை. இல்லை, எங்கோ ஒரு குழாய் மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. காரிலும் அதே மூன்றுதான். பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை. அல்லது எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்புகிற ஆல்டர்னேட்டர் ஏற்றவில்லை (பழைய மெக்கானிக்குகள் அதை இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள்). அல்லது வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. மூன்றுக்கும் வெளியே தெரிகிற அடையாளம் அதே ‘டக் டக்’தான். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரியை மாற்றினால் பல தடவை காசு வீணாகும்.

இன்று காலையே வண்டி கிளம்பியாக வேண்டும் என்றால்

காரணம் தேடுவதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். ஜம்பர் கேபிளும் இன்னொரு காரும் கிடைத்தால் போதும். சிவப்புக் கேபிளின் ஒரு முனையை இறங்கிப்போன பேட்டரியின் பிளஸில் மாட்டுங்கள். மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டுங்கள். அதன் கடைசி முனை உங்கள் பேட்டரியின் மைனஸுக்குப் போகக் கூடாது. எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஓர் உலோகப் பகுதியில் கவ்வ விடுங்கள். கடைசி முனை தொடும்போது பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும் என்பதால் அந்தப் பொறி பேட்டரிக்குத் தள்ளியே இருக்கட்டும். நல்ல காரை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு உங்கள் காரை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது மாட்டிய வரிசையைத் தலைகீழாகப் பிடியுங்கள். இரண்டு காரின் பாடியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் உதவிக்கு முதலில் நிற்பது லாரிக்காரர்கள்தான். நல்ல மனசு, ஆனால் பெரிய லாரியில் இரண்டு பேட்டரியைத் தொடராக மாட்டி 24 வோல்ட் வைத்திருப்பார்கள். அதிலிருந்து 12 வோல்ட் காருக்கு ஜம்பர் போட்டால் கம்ப்யூட்டரே போய்விடும். நன்றி சொல்லிவிட்டு ஒரு காருக்குக் காத்திருங்கள்.

கியர் வண்டியாக இருந்தால் தள்ளியும் எடுக்கலாம். சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்தபடி. வேகம் பிடித்ததும் கிளட்சை விடுங்கள். எஞ்சின் ஓடாதவரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல் மாதிரி இருக்கும், அதனால் சரிவான தெருவில் ஜாக்கிரதை. ஆட்டோமேட்டிக் வண்டியில் இது நடக்காது.

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று பத்து நிமிஷம் வாசலிலேயே ஓடவிட்டு அணைத்துவிடாதீர்கள். அதில் பேட்டரிக்கு ஏறுவது ஒன்றுமே இல்லை. தருமபுரியிலிருந்து தொப்பூர் வரை போய்த் திரும்புகிற அளவுக்காவது ஓட வேண்டும். அதைவிட நல்லது, வீட்டு பிளக்கில் மாட்டுகிற சார்ஜர். பேட்டரியின் ஆம்பியர்-ஹவர் (அது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) கணக்கில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்: 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர், ஒரு ராத்திரி முழுக்க.

மீட்டர் வாங்குவது

எலக்ட்ரிக்கல் கடைகளில் சின்னதாக, மஞ்சள் நிறத்தில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் தொங்கும். அதுவே போதும். அதில் கீழே மூன்று குழி. கறுப்பு ஒயர் எப்போதும் ‘காம்’ (COM) குழியில். வோல்ட் பார்க்கும்போது சிவப்பு ஒயர் நடுக் குழியில். ஆம்பியர் பார்க்கும்போது மட்டும் 10 ஆம்ப் குழியில். இந்த விலை குறைந்த மீட்டர்களில் அந்தக் குழிக்குப் பக்கத்தில் ‘அன்ஃப்யூஸ்டு’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். உள்ளே காப்பாற்ற ஃப்யூஸ் கிடையாது என்று அர்த்தம். ஆம்பியர் பார்த்து முடித்ததும் சிவப்பு ஒயரை உடனே நடுக் குழிக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட். என் முதல் மீட்டரின் சிவப்பு ஒயர் அப்படித்தான் உருகியது. வாசனை இரண்டு நாள் போகவில்லை.

கவ்வி வைத்துப் பார்க்கிற கிளாம்ப் மீட்டர் இன்னும் சௌகரியம். ஆனால் விலை குறைந்தவை பலவும் வீட்டு பிளக்கில் வருகிற ஏசி (மாறுதிசை) கரண்டை மட்டும்தான் காட்டும், கார் பேட்டரி தருவது டிசி (நேர்திசை). டிசி ஆம்பியர் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள்.

முதலில் கண்ணும் கையும்

பானெட்டைத் திறங்கள். மோதிரம், காப்பு, தொங்குகிற செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

டெர்மினலின் மேல் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ மாவு பூத்திருக்கிறதா? கிளாம்பைக் கையால் திருகினால் அசைகிறதா? அசைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். மைனஸிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயரின் மறுமுனையையும் பாருங்கள். அங்கே போல்ட் துருப்பிடித்து இருந்தாலும் இதே கோளாறுதான் வரும்.

கழற்றுவதாக இருந்தால் மைனஸ் முதலில், பிளஸ் பிறகு. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். காரின் பாடி முழுக்க மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸில் வைத்த ஸ்பேனர் தப்பித்தவறி பாடியில் பட்டால் வெல்டிங் மாதிரி பொறி பறக்கும். மைனஸைக் கழற்றிவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் கவலையில்லை, பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் ஒன்றாகத் தொட மட்டும் கூடாது. பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும்.

மாவைச் சுத்தம் செய்ய, சுடுதண்ணீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், ஆசிட் முறிகிறது என்று அர்த்தம். மூடி வழியாக அந்தத் தண்ணீர் உள்ளே மட்டும் போகக் கூடாது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, கிளாம்பை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள்.

அப்படியே எலி வந்த தடயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தோப்பு, களம், வைக்கோல்போர் பக்கத்தில் நிற்கிற வண்டிகளில் எலி பேட்டரி மேலேயே கூடு கட்டும். தோல் உரிந்த ஒயர் பாடியில் உரசினால் கசிவு அங்கேயே தொடங்கிவிடும்.

மூன்று அளவுகள்

முதலாவது, ஓய்வில் இருக்கும்போது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் தொடாமல், மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பிளஸிலும் மைனஸிலும் வையுங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். நிறையச் சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 பக்கத்தில் நின்றால், உள்ளே இருக்கிற ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. அந்த பேட்டரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஓட்டிவிட்டு வந்த உடனே பார்த்தால் 12.9 என்றெல்லாம் காட்டி ஏமாற்றும், நம்பாதீர்கள்.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு வீட்டில் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நிறைந்த பேட்டரி என்றால் அந்த நொடியில் 10-க்கும் 11-க்கும் நடுவே இறங்கித் திரும்பும். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இதைச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியில்தான் பார்க்க வேண்டும். காலி பேட்டரியைச் சோதித்து ‘போச்சு’ என்பது, பட்டினி கிடந்தவனை ஓடச் சொல்லி நொண்டி என்பது மாதிரி. 

மூன்றாவது, வண்டி ஓடும்போது. 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டுப் பாருங்கள். 13-க்குக் கீழே விழுந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், இல்லை ஆல்டர்னேட்டரைக் கடைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் போயிருக்கிறது, பேட்டரியை வேகவைத்துவிடும். சில புதுக் கார்களில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் நடுவில் 12.8 என்று காட்டினாலும் பதற வேண்டாம், சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஓடுகிற வண்டியில் பேட்டரி கிளாம்பைக் கழற்றி, ‘எஞ்சின் நிக்கல பாரு, டைனமோ நல்லாருக்கு’ என்று காட்டுகிற வித்தை ஒன்று உண்டு. அம்பாசடர் காலத்தோடு அது முடிந்துவிட்டது. இன்றைய வண்டியில் செய்தால் வோல்ட்டேஜ் எகிறி எலக்ட்ரானிக்ஸ் சாகும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

மூன்று அளவும் சரியாக இருந்தும் பேட்டரி இறங்குகிறதா? அப்படியானால் தொட்டியும் மோட்டாரும் நல்லவை, குழாய்தான் ஒழுகுகிறது.

குடிக்கிறவனைப் பிடிப்பது

நின்றிருக்கிற காரும் கொஞ்சம் கரண்ட் எடுக்கத்தான் செய்யும். கடிகாரம், அலாரம், சென்டர் லாக்கின் ரிசீவர், எஞ்சின் கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர், அதாவது 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் திருடன் இருக்கிறான்.

வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, எல்லாக் கதவையும் மூடுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் சாவியை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். பக்கத்தில் சாவி இருந்தால் கார் விழித்தே இருக்கும். டிரைவர் பக்கக் கண்ணாடியை மட்டும் இறக்கி வையுங்கள், தானாகப் பூட்டிக்கொண்டால் கை விடத் தேவைப்படும். பானெட் திறந்திருப்பது வண்டிக்குத் தெரியும் என்றால், அந்த லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது மைனஸ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை நடுவில் கோக்க வேண்டும். சிவப்பு ஒயர் 10 ஆம்ப் குழியில், மீட்டரின் திருகு குமிழ் 10 ஆம்பில். ஒரு முனை கழற்றிய கிளாம்பில், மறுமுனை பேட்டரியின் மைனஸ் டெர்மினலில். பேட்டரியிலிருந்து போகிற கரண்ட் முழுவதும் இனி மீட்டர் வழியாகத்தான் போகும். இந்த நிலையில் யாரும் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது. செல்ஃப் மோட்டார் இழுப்பது நூறு ஆம்பியருக்கும் மேல், மீட்டர் கையிலேயே வெடிக்கும். வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் முன்பே சொல்லி வையுங்கள், முக்கியமாக உதவி செய்ய ஆசைப்படுகிறவர்களிடம்.

மாட்டிய உடனே மீட்டர் 2, 3 ஆம்பியர்கூடக் காட்டும். பயப்பட வேண்டாம். பேட்டரி இணைப்பு கிடைத்ததும் காரின் கம்ப்யூட்டர்களெல்லாம் எழுந்து உட்காரும். அவை மறுபடி தூங்க இருபது நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். புதியவர்கள் அவசரப்பட்டு ஏமாறுவது இங்கேதான்.

அன்று சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. மீட்டரை வைப்பருக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டு நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா டார்ச்சோடு வந்தார்.

“என்னடா, பாத்துட்டியா?”

“இல்லப்பா. இன்னும் அரை மணி ஆகும். அது தூங்கணும்.”

“காரு தூங்கணுமா?” கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். “சரி, நீ தூங்காம பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒன்பதே முக்காலுக்கு எண் 0.44-இல் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. இருக்க வேண்டியதைப் போல பத்து மடங்கு.

அடுத்தது ஃப்யூஸ். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பெட்டி, பானெட்டுக்குள் ஒரு பெட்டி இருக்கும். மூடியின் உள்பக்கம் எது எதற்கு என்று படம் ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து, இறங்கவில்லை என்றால் அதே இடத்தில் செருகிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தொடங்கும் முன் பெட்டியை செல்ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற பெட்டிக்காகக் கதவைத் திறந்தால் கார் விழித்துவிடும். அதனால் முதலிலேயே கதவைத் திறந்து, கதவு லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டுக் காத்திருப்பது நல்லது.

பிடுங்காமலே பார்க்கவும் வழி உண்டு. ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும். மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டிலும் முள்ளை வையுங்கள். பூஜ்யம் என்றால் அதில் கரண்ட் ஓடவில்லை. ஏதாவது எண் வந்தால் அந்த வழியில் கரண்ட் போகிறது. தூங்குகிற காரை எழுப்பாத முறை இது.

எனக்கு ரேடியோ ஃப்யூஸைப் பிடுங்கியபோது 0.43 ஆனது. சென்டர் லாக், ஹாரன், ஒன்றும் அசையவில்லை. ‘ரூம் லைட்’ என்று போட்டிருந்ததைப் பிடுங்கினேன். 0.03.

அந்த ஃப்யூஸில் என்னென்ன இருக்கிறது? உள்விளக்கு அணைந்துதான் இருந்தது. மிச்சம் டிக்கி விளக்கு. டிக்கியைத் திறந்தால் எரிகிறது. திறந்தால் எரியத்தானே வேண்டும். ஃப்யூஸை மறுபடி செருகி, டிக்கியை மூடி, கால் மணி நேரம் கழித்துத் திறந்து விளக்கின் மூடியைத் தொட்டேன். சுட்டது. மூடிய டிக்கிக்குள் அது அணையவே இல்லை. மூடி வந்து அழுத்துகிற சுவிட்சின் பிளாஸ்டிக் முனை உடைந்திருந்தது. ஜூனில் காவேரிப்பட்டணத்துத் தோப்பிலிருந்து மாங்காய்ப் பெட்டிகளை இடித்துத் திணித்து ஏற்றியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேட்டரி தொல்லை ஆரம்பித்ததும் அந்த மாதம்தான்.

ஐந்து வாட் பல்பு. ஐந்தைப் பன்னிரண்டால் வகுத்தால் சுமார் 0.4 ஆம்பியர். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், ஆக ஒன்பதரை ஆம்பியர்-ஹவருக்கும் மேல். என் பேட்டரி 35. ஞாயிறு சாயங்காலம் நான் பஸ் ஏறினால் வியாழக்கிழமைக்குள் காலி. வெள்ளிக்கிழமை வந்து ‘டக்’.

அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. கார் பேட்டரி ஒரு நொடி பலமாகக் கரண்ட் கொடுத்துவிட்டு உடனே நிறைந்துகொள்வதற்காகச் செய்தது. அடிவரை காலியாகி அப்படியே கிடந்தால் தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும், அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் முழுசாக ஏறாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வாராவாரம் அப்படிக் காலியாகித்தான் மார்ச்சில் வாங்கிய பேட்டரி செத்தது. கடைக்காரர் ‘பேட்டரி போச்சு’ என்றது பொய்யில்லை. ஏன் போச்சு என்றுதான் யாரும் கேட்கவில்லை.

வேறு யார் யார் குடிப்பார்கள்

கம்பெனியில் வராத, வெளியே மாட்டிய பொருள்களை முதலில் சந்தேகப்படுங்கள். டேஷ்கேமை நேரடியாக பேட்டரி ஒயரில் இணைத்திருப்பார்கள். வண்டி நிற்கும்போதும் படம் பிடித்துக்கொண்டே இருக்கும். ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்ப்ளிஃபயர், வெளிக் கடையில் மாற்றிய பெரிய திரை ஸ்டீரியோ, கூடுதல் ஹாரனுக்குப் போட்ட ரிலே, ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவைத்த ஸ்கேனர், சாவி எடுத்தாலும் உயிரோடு இருக்கிற சாக்கெட்டில் தொங்கும் மொபைல் சார்ஜர் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். இவற்றில் பலவும் ஃப்யூஸ் பெட்டிக்கு வராமல் பேட்டரியிலிருந்தே தனி ஒயர் இழுத்திருக்கும். அதனால் பிளஸ் கிளாம்பில் கூடுதலாகச் சொருகிய ஒயர்களைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். நண்பர் ஒருவர் ஃபாஸ்டேக் குடிக்குமா என்று கேட்டார். அது வெறும் ஸ்டிக்கர். டோல்கேட் ஆன்டெனா அனுப்புகிற அலையிலேயே வேலை செய்யும், காரோடு அதற்கு ஒயர் சம்பந்தமே இல்லை.

எல்லா ஃப்யூஸையும் எடுத்தும் எண் இறங்கவில்லை என்றால், வெளி ஒயரும் இல்லை என்றால், ஆல்டர்னேட்டருக்குள் டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற பாகம்) கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் தடித்த ஒயர் சின்ன ஃப்யூஸ்கள் வழியாகப் போகாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் லேசாகச் சூடு இருந்தால் அதுவேதான். அந்தக் கட்டத்தில் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். ஆனால் ‘பேட்டரி நிக்கல’ என்று சொல்லாதீர்கள், ‘வண்டி நிக்கும்போது இத்தனை ஆம்பியர் எடுக்குது, ஃப்யூஸெல்லாம் எடுத்தும் குறையல’ என்று சொல்லுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

தண்ணீரும் வெயிலும்

மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் மாதம் ஒரு தடவை பாருங்கள். தகடுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் திரவம் நிற்க வேண்டும். குறைந்தால் பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் விற்கிற டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆசிட் சேர்க்காதீர்கள், ஆவியாவது தண்ணீர்தான். நம் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஃப்ளோரைடுக்குப் பயந்துதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே வந்தது. பேட்டரிக்கு ஃப்ளோரைடைவிட இரும்பும் குளோரைடும் பெரிய பகை. போர் தண்ணீர் மட்டுமில்லை, வீட்டு ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும், அதுவும் வேண்டாம்.

வெயில் ஏற ஏற பேட்டரி தானாக இறங்குகிற வேகமும் உள்ளே அரிக்கிற வேகமும் கூடும். குளிரில் எஞ்சின் ஆயில் இறுகி, செல்ஃப் கூடுதலாக இழுக்கும். அதனால் சித்திரையில் அடிபட்ட பேட்டரி மார்கழிக் காலையில்தான் படுக்கும். குளிர் கூடுதலான தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நிழலில் நிறுத்துங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

பழைய பேட்டரியின் மேல் இருக்கிற எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடைசியில் வருகிற எல் அல்லது ஆர் முக்கியம். பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பதை அது சொல்லும், மாறினால் ஒயர் எட்டாது. சிக்னலில் தானாக அணைந்து எழுகிற வண்டிக்கு அதற்கென்று செய்த பேட்டரிதான் வேண்டும். சாதாரணமானது சீக்கிரம் போய்விடும். தயாரித்த மாதம் பாருங்கள், ஆறு மாதம் கடையில் கிடந்ததை வாங்காதீர்கள். கையோடு கொண்டுபோன மீட்டரை அங்கேயே வைத்துப் பார்க்க வெட்கப்பட வேண்டாம், 12.5-க்குக் குறைந்தால் வேறு கேளுங்கள். வாரன்ட்டி அட்டையில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாரன்ட்டி மாதங்களில் முதல் பகுதிக்குத்தான் இலவச மாற்று, மீதிக்கு விலையில் கழிவு மட்டும் என்று பல அட்டைகளில் இருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். பழையதை அதே கடையில் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கோ புதுப்பிப்புக்கோ அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஈயமும் ஆசிட்டும் உள்ள பொருள், வீட்டுக் கொல்லையில் போட்டுவைக்காதீர்கள்.

ஐந்து நாள் நிற்கிற காருக்கு

கசிவே இல்லாத வண்டியிலும் 0.03 ஆம்பியர் என்றால் மாதத்துக்கு இருபதுக்கும் மேல் ஆம்பியர்-ஹவர் போகும். அதாவது ஒரு மாதம் தொடாமல் விட்டால் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பாதிக்கும் கீழே. இரண்டு வாரத்துக்கு மேல் ஊருக்கு வர முடியாது என்றால் மைனஸ் கிளாம்பைக் கழற்றி ஒரு துணி சுற்றி வைத்துவிடுங்கள். திரும்ப மாட்டியதும் கடிகாரம், ரேடியோ, சில கார்களில் ஒரே அழுத்தில் ஏறுகிற கண்ணாடி இவற்றை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உடைந்த சுவிட்சை மாற்றிவிட்டேன். பல்பை மட்டும் திரும்பப் போடவில்லை. டிக்கியில் எதையாவது தேட செல்ஃபோன் டார்ச் போதும். புதன்கிழமைதோறும் அப்பா காரை எடுத்துக்கொண்டு அதியமான்கோட்டை தாண்டிப் போய்விட்டு வருகிறார். கிளம்பும் முன் மீட்டரை வைத்து, அந்த எண்ணைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். போன வாரம் 12.58. மீட்டரைப் பிடித்திருந்தது அம்மா போல, வளையல் தெரிந்தது. வளையலைக் கழற்றச் சொல்லிப் பதில் போட்டேன்.